தனுஷ்கோடி ஸ்டேஷனை 1:87-ல் கட்டுகிறேன்: அளவுகளுக்கு எதை நம்பலாம்?

எழும்பூர்_இன்ஜின் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே.

தனுஷ்கோடி ரயில் நிலையத்தை 1:87-ல், அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு அளவில், மாடலாகக் கட்டப் போகிறேன். இன்று சுற்றுலா போகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் இடிந்த சுவர்களை அல்ல, போட் மெயில் வந்து நின்ற ஸ்டேஷனை. 1960-க்கும் 1963-க்கும் இடையில் ஏதோ ஒரு சாதாரண நாளின் பிற்பகல். ரயில் வந்துவிட்டது, கப்பல் காத்திருக்கிறது, பெட்டி படுக்கையோடு ஜனங்கள் இறங்குகிறார்கள். அவ்வளவுதான் காட்சி.

பின்னணி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். பாலம் வந்ததும் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) ரயில் தனுஷ்கோடி வரை நேராக வந்தது. அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு இன்னொரு ரயில். கப்பலைப் பிடிக்கப் போன அந்த ரயில்தான் போட் மெயில். எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்துக் கொழும்பு கோட்டை ஸ்டேஷன் வரை போகலாம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலோடு தனுஷ்கோடிப் பக்கம் இருந்த எல்லாமே முடிந்தது.

மாடலுக்கு என்னிடம் இப்போது இருப்பவை: இணையத்தில் சுற்றும் சில பழைய படங்கள், இடிபாடுகளின் ஏராளமான புதிய படங்கள், 3 மீட்டர் நீளச் சுவர் ஒன்று. ஸ்டேஷனின் அளவுகளை எங்கிருந்து எடுப்பது, எதை நம்புவது, எதை ஊகிப்பது, இதற்கெல்லாம் உங்கள் உதவி வேண்டும்.

ஆவணத்தேடி

நல்ல முயற்சி சார். ஆண்டை முதலிலேயே முடிவு செய்தீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்தது. தனுஷ்கோடி விஷயத்தில் ஆண்டு மாறினால் ஊரே மாறிவிடும்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆய்வு ஒன்று இருக்கிறது. மன்னார் வளைகுடாவைப் பார்த்திருந்த தனுஷ்கோடியின் தென்பகுதி 1948, 1949-ல் ஏறத்தாழ 5 மீட்டர் அமிழ்ந்தது என்கிறது அது. அரை கிலோமீட்டர் அகலமும் 7 கிலோமீட்டர் நீளமும் கொண்ட நிலம் வீடுகள், கோயில்களோடு கடலுக்குள் போயிருக்கிறது. அதாவது புயலுக்கு 15 வருஷம் முன்பே ஊரின் ஒரு பகுதி இல்லை. 1920, 30களின் படத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் தெரியும் ஒரு கட்டடம் 1960-ல் இருந்திருக்கும் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. இணையத்தில் வரும் படங்களில் பெரும்பாலானவை ஆண்டு இல்லாமல் வருகின்றன. ஒவ்வொன்றையும் '1948-க்கு முன்', '1948-64', 'புயலுக்குப் பின்' என்று மூன்றாகப் பிரித்து வையுங்கள்.

ஆண்டைக் கணிக்க ரயில்வேயே உதவும். 1951 ஏப்ரல் 14 வரை அது தென்னிந்திய ரயில்வே, அப்புறம் தெற்கு ரயில்வே. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்து படிக்கிற மாதிரி இருந்தால் அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் படம் விழுகிறது என்று தெரிந்துவிடும். இன்ஜின் ஒய்.பி. (மீட்டர்கேஜ் நீராவி இன்ஜின்) வகை என்று அடையாளம் கண்டால் 1949-க்கு முந்தைய படமாக இருக்க வாய்ப்பில்லை. முதல் ஒய்.பி.க்கள் வந்ததே அந்த ஆண்டில்தான்.

தேட வேண்டிய இடங்கள்: எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் பதிவுகள். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் திருச்சியில் இருந்ததால் திருச்சி ரயில் அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். காப்பகத்தில் 'தனுஷ்கோடி ஸ்டேஷன்' என்று மட்டும் கேட்டால் கைக்குக் கொஞ்சம்தான் வரும். துறைமுகம், சுங்கம், மண்டபம் கேம்ப் என்று கேளுங்கள். இலங்கைக்குப் போகும் தோட்டத் தொழிலாளர்களை மண்டபத்தில் தங்கவைத்து மருத்துவச் சோதனை செய்துதான் அனுப்பினார்கள். அந்தக் கோப்புகள் ரயிலையும் கப்பலையும் தொடாமல் இருக்க முடியாது.

பன்னிரண்டு_மிமீ

நான் அளவு விகிதம் பற்றிப் பேசுகிறேன், அதுதான் என் ஏரியா.

1:87 என்றால் ஒரு மீட்டர் அகலப் பாதை 11.5 மி.மீ. வரும். கடையில் 'எச்ஓஎம்' என்று விற்கும் 12 மி.மீ. தண்டவாளம் சரியாக இருக்கும். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை எந்தக் கண்ணும் பிடிக்காது. தயவுசெய்து சாதாரண எச்ஓ (1:87 மாடல்களின் பெயர்) தண்டவாளத்தைப் போட்டுவிடாதீர்கள். அது 16.5 மி.மீ., ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதைக்கானது. இன்ஜின் எவ்வளவு அழகாக இருந்தாலும், கால் அகட்டி நிற்கும் பாதை காட்டிக் கொடுத்துவிடும். மீட்டர்கேஜின் அழகே அந்தக் குறுகிய பாதையில் அகலமான பெட்டி உட்கார்ந்திருப்பதுதானே.

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைக்கு இந்திய மீட்டர்கேஜ் அளவு 183 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம். 1:87-ல் 21 மி.மீ., 2.3 மி.மீ. சுவிஸ் பாதைகளுக்காகச் செய்யப்பட்ட எச்ஓஎம் தண்டவாளம் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். இடைவெளியை மட்டும் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் போதும்.

இடப் பிரச்சினையைக் கவனித்தீர்களா? 3 மீட்டர் சுவர் 1:87-ல் வெறும் 261 மீட்டர் நிலம். ஒரு பெட்டிக்கு 20, 22 செ.மீ. போகும். இன்ஜினும் ஐந்து பெட்டிகளும் வைத்தாலே 1.3 மீட்டர் காலி. அதே சுவர் 1:160-ல் 480 மீட்டர் காட்டும். 'இசட்' என்ற சின்ன மாடல் வகையின் தண்டவாளம் 6.5 மி.மீ., மீட்டர்கேஜுக்கு அதுவும் நன்றாகவே பொருந்தும் (சரியான அளவு 6.25). யோசித்துப் பாருங்கள்.

எழும்பூர்_இன்ஜின்

யோசித்துவிட்டேன், 1:87தான். காரணம் மனிதர்கள். இந்த ஸ்டேஷனில் எனக்கு முக்கியமானது பிளாட்பாரத்தில் இருக்கும் கூட்டம். 1:87-ல் ஒரு ஆள் 19 மி.மீ. உயரம். தலையில் டிரங்குப் பெட்டி, இடுப்பில் குழந்தை, கையில் கூஜா என்று பார்த்தவுடன் புரிகிற மாதிரி செய்யலாம். 1:160-ல் பத்தரை மில்லிமீட்டர் ஆளுக்குச் சேலை கட்டுவது என் விரலால் ஆகாது.

நீளத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். பாம்பன் பாலத்தையே அளவு குறைக்காமல் செய்தால் 1:87-ல் கிட்டத்தட்ட 24 மீட்டர் வரும். யாருக்கும் அவ்வளவு பெரிய ஹால் கிடையாது. பிளாட்பாரத்தின் நீளத்தைக் குறைப்பேன், கட்டடத்தின் அளவில் கை வைக்க மாட்டேன். கதவு, ஜன்னல், கூரைச் சரிவு, தூண்களுக்கு இடையே உள்ள தூரம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

மணல்வீடு

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். எனக்கு ஒரு யோசனை. இடிபாடுகளை அப்படியே செய்தால் எல்லோருக்கும் பார்த்தவுடன் தெரியுமே? அளவும் நேரில் போய் எடுக்கலாம். இல்லையென்றால் அந்தக் கடைசி ரயில். பாம்பனிலிருந்து கிளம்பி அலையில் போன ரயில். அதைச் செய்தால் பார்க்கிறவர்கள் மனதில் நிற்கும். அப்புறம் ஒரு சந்தேகம், மெயின் லைன் ராமேஸ்வரம் வரைதானே, தனுஷ்கோடி அதிலிருந்து பிரிந்த கிளைதானே?

எழும்பூர்_இன்ஜின்

முதலில் சந்தேகம். நேர்மாறு. பாம்பன் ஜங்ஷனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போனதுதான் மெயின் லைன். ராமேஸ்வரத்துக்குப் போனது கிளை. புயலில் மெயின் லைன் போய், கிளை மட்டும் மிஞ்சி, ராமேஸ்வரம் கடைசி ஸ்டேஷன் ஆனது. மாடலுக்கும் இது முக்கியம். ஓரத்தில் ஒதுங்கிய கிளைப்பாதை ஸ்டேஷன் மாதிரி அதைச் செய்யக் கூடாது. கப்பல் பிடிக்கிற கூட்டத்தைச் சமாளித்த, பன்னாட்டுப் பயணம் நடந்த ஸ்டேஷன் அது.

இப்போது உங்கள் யோசனை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் தம்பி, என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன்.

653-ம் எண் பாசஞ்சர் பாம்பனிலிருந்து இரவு 11.55-க்குக் கிளம்பியது. 110 பயணிகளும் 5 ஊழியர்களும் இருந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இன்னும் அதிகம் என்பார்கள். தனுஷ்கோடியை எட்டச் சில நூறு கஜம் இருக்கும்போது ரயிலோடு எல்லோரும் போனார்கள். அந்தத் தீவிலும் சுற்றுவட்டாரத்திலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,800 பேர். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் இருக்கிறார்கள். அந்த ரயிலை என் மேஜையில் ரெசின் அலைக்கு அடியில் வைத்துக் கண்காட்சியில் காட்ட எனக்கு மனம் வராது.

இடிபாட்டை வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. தனுஷ்கோடி என்றாலே 'பேய் ஊர்' என்று ஆகிவிட்டது. அம்பது வருஷம் அங்கே போர்ட்டர்கள் சுமை தூக்கினார்கள், சுங்க அதிகாரிகள் பெட்டி திறந்து பார்த்தார்கள், ஸ்டேஷன் மாஸ்டர் கணக்கு எழுதினார், தபால் ஆபீசில் தந்தி அடித்தார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படித்தார்கள். ஒரு இரவு நடந்தது அந்த அம்பது வருஷத்தையும் மூடிவிட்டது. அந்த அம்பது வருஷத்தைக் காட்டும் படம் அதிகம் இல்லை, மாடல் என் கண்ணில் பட்டதே இல்லை. அதனால்தான் இதைக் கையில் எடுத்தேன்.

மணல்வீடு

புரிகிறது அண்ணா. நான் அப்படி யோசிக்கவில்லை. கண்காட்சிக்கு வரும்போது சொல்லுங்கள், ஆட்களுக்குப் பெயின்ட் அடிக்க நான் வருகிறேன்.

பாம்பன்_காற்று

நான் இந்தப் பக்கத்து ஆள். அடிக்கடி போகிற இடம் என்பதால் சில விஷயம் சொல்கிறேன்.

முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து மணலில் வேன்தான். 2017-ல் தீவின் கிழக்கு முனையான அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்டபிறகு பஸ்ஸே போகிறது. வேலை சுலபம், ஆனால் கூட்டம் அதிகம். அளவெடுக்க வேண்டுமென்றால் காலையில் சீக்கிரம் வாருங்கள். சாயங்காலத்துக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் சுவரின் சொரசொரப்பு படத்தில் வரும். உச்சி வெயிலில் எடுத்தால் எல்லாம் வெள்ளையடித்த மாதிரி தட்டையாகத் தெரியும். ட்ரோன் கொண்டுவராதீர்கள், இது எல்லையோரக் கடல், அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் சிக்கல்.

இருப்பவை: ஸ்டேஷன் கட்டடத்தின் மிச்சச் சுவர்கள், ரயில்வே தண்ணீர்த் தொட்டியின் மிச்சம், தேவாலயம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம். தேவாலயச் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். பவளக் கல்லை வெட்டி அடுக்கி, சுண்ணாம்புக் காரையில் கட்டியிருக்கிறார்கள். கல்லின் முகத்தில் சின்னச் சின்னக் குழிகள், சில இடங்களில் பவளத்தின் வரி வரியான உள்ளமைப்பே தெரியும். உப்புக்காற்று காரையை அரித்து எடுத்துவிட்டதால் கல் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். இது இன்றைய நிலைமை. நீங்கள் செய்யப்போவது 1960. அன்றைக்குச் சுவருக்குப் பூச்சு இருந்திருக்கும். அதனால் இடிபாட்டின் தோற்றத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும். பூச்சு ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள் ஒவ்வொரு சுவரிலும் எங்கே மிஞ்சியிருக்கின்றன என்று தேடுங்கள். ஜன்னல் விளிம்பின் உள்பக்கம், காற்று நேரடியாக அடிக்காத மூலை, இங்கெல்லாம் பார்க்கலாம்.

ஒரு வேண்டுகோள். கல்லையோ பவளத் துண்டையோ 'மாடலுக்கு ஒட்டலாம்' என்று எடுத்துப் போக வேண்டாம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, எடுத்தால் குற்றம். சட்டம் இருக்கட்டும், மிஞ்சியிருக்கிற சுவர்களே ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருகின்றன.

செடிகொடிக்கு: மணலில் படரும் அடம்பன் கொடி, உருண்டை உருண்டையாகக் காற்றில் ஓடும் ராவணன் மீசை, குடை மாதிரி விரிந்த உடைமரம், பனை. இந்த நாலையும் வைத்தால் ராமேஸ்வரத்துக்காரன் பார்த்தவுடன் எங்கள் ஊர் என்பான்.

எழும்பூர்_இன்ஜின்

அண்ணே, தங்கமான பதிவு. பூச்சு பற்றிச் சொன்னது மிகவும் உதவி. கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன். இரண்டு பக்கமும் நிறம் வேறுதானே?

பாம்பன்_காற்று

வேறேதான். வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்போம். ஆழம் குறைவு, பச்சை கலந்த சாம்பல், குளம் மாதிரி கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். நீலம் அதிகம், அலை அடித்துக்கொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றில் இது அப்படியே திரும்பும், வடக்குப் பக்கம்தான் முரடாகும். நீங்கள் எந்த மாதம் என்று முடிவு செய்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஆவணத்தேடி

நிலத்தின் வடிவத்துக்கு ஒரு வழி சொல்கிறேன், யாரும் இதைத் தேடிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அமெரிக்கா 1960 முதல் 1972 வரை 'கொரோனா' உளவுச் செயற்கைக்கோள்களால் உலகெங்கும் படம் எடுத்தது. 1995-ல் அந்தப் படங்களின் ரகசியத் தடை நீக்கப்பட்டது. இப்போது அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் 'எர்த் எக்ஸ்ப்ளோரர்' தளத்தில் யாரும் தேடலாம். ஏற்கெனவே ஸ்கேன் செய்த படம் என்றால் இலவசம். இல்லையென்றால் ஒரு படத்துக்கு 30 டாலர் கட்டினால் ஸ்கேன் செய்து தருவார்கள், அதன்பிறகு அது எல்லோருக்கும் இலவசமாகிவிடும்.

1963-லிருந்து பறந்த கே.எச்-4ஏ வகையின் படங்கள் நல்ல தரத்தில் இருந்தால் தரையில் ஏறக்குறைய 2.7 மீட்டர் அளவுள்ளவை வரை பிரித்துக் காட்டும். ஸ்டேஷன் கட்டடத்தின் ஜன்னலெல்லாம் தெரியாது. ஆனால் பாதை எந்தக் கோணத்தில் வளைந்தது, துறை எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது, கட்டடங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்பதெல்லாம் தெரியலாம். மேகம் இல்லாத படம் அமைய வேண்டும், அதுதான் விஷயம். புயலுக்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று தேடுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலே எது போனது என்று விளங்கும்.

கவனம்: அந்தக் கேமரா பக்கவாட்டில் துழாவி எடுப்பது, ஓரங்களில் படம் இழுபடும். அப்படியே அளவெடுக்காதீர்கள். இன்றைக்கும் இடம் மாறாத புள்ளிகளை வைத்து 'க்யூஜிஐஎஸ்' என்ற வரைபட மென்பொருளில் நேராக்குங்கள். பழைய பாம்பன் பாலத்தின் இரு முனைகள், ராமேஸ்வரம் கோயிலின் கிழக்குக் கோபுரம் இரண்டும் நம்பிக்கையான புள்ளிகள். கரையோரத்தை மட்டும் புள்ளியாக எடுக்கவே கூடாது. அந்த மணல் ஒரு இடத்தில் நிற்பதில்லை.

எழும்பூர்_இன்ஜின்

ஆகா! இது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றிரவே தேட ஆரம்பிக்கிறேன்.

என் பங்குக்கு, பழைய படத்திலிருந்து அளவெடுப்பது பற்றி எழுதுகிறேன், இதே மாதிரி மற்ற ஸ்டேஷன் செய்கிறவர்களுக்கும் பயன்படும்.

படத்தில் தண்டவாளம் தெரிந்தால் அளவுகோல் இலவசமாகக் கிடைத்த மாதிரி. உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்குச் சரியாக 1000 மி.மீ. ஆனால் அது அந்தத் தூரத்தில் மட்டும்தான் செல்லும். கேமராவுக்குக் கிட்டே இருக்கும் பாதையை வைத்துத் தள்ளி நிற்கும் கட்டடத்தை அளந்தால் கட்டடம் சின்னதாகிவிடும். பாதையும் பிளாட்பார விளிம்பும் கூரை விளிம்பும் ஒரே புள்ளியை நோக்கி ஓடுவதை வைத்துக் கேமரா எங்கே, எந்த உயரத்தில் நின்றது என்று கண்டுபிடிக்கலாம். 'எஃப்ஸ்பை' என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. அதைப் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஏற்றி, படத்துக்குள்ளேயே பெட்டி பெட்டியாகக் கட்டடத்தை எழுப்பினால் அளவு தானே வந்துவிடும்.

இடிபாட்டுக்கு வேறு முறை. சுவரைச் சுற்றி நடந்தபடி, ஒரு படமும் அடுத்த படமும் முக்கால் பங்கு ஒன்றையொன்று மூடுகிற மாதிரி எடுத்து, 'மெஷ்ரூம்' மாதிரி மென்பொருளில் போட்டால் முப்பரிமாண வடிவம் கிடைக்கும். சுவரோரம் ஒரு மீட்டர் கம்பு ஒன்றைச் சாய்த்து வைத்தே எடுங்கள். கம்பு இல்லாவிட்டால் வடிவம் கிடைக்கும், அளவு கிடைக்காது.

இரண்டு முறையிலும் வரும் அளவுகள் ஒத்துப்போனால் அந்தச் சுவர் உறுதி. என் வரைபடத்தில் இதைக் கறுப்பு மையில் போடுகிறேன். பழைய படத்தில் மட்டும் தெரிவது நீலம். பக்கத்து ஸ்டேஷன்களைப் பார்த்து ஊகிப்பது சிவப்பு. மாடல் முடிந்ததும் இந்த வரைபடத்தையே பக்கத்தில் மாட்டப் போகிறேன். பார்க்கிறவர்களுக்கு எது ஆதாரம், எது என் கற்பனை என்று தெரிய வேண்டும்.

மன்னார்_கரை

வணக்கம் அண்ணை. மறுகரையிலிருந்து எழுதுகிறேன்.

உங்கட தனுஷ்கோடிக்கு எதிர்ப்பக்கம் தலைமன்னார் பியர். அதுவும் கடற்கரையில் பல காலம் ரயில் இல்லாமல் கிடந்த நிலையம்தான். 1990-ல் போர் காரணமாகப் பாதை நின்றது. தண்டவாளம் போய், காடு மூடி, பிறகு இந்தியாவின் இர்கான் நிறுவனம் மீளப் போட்டு, 2015 மார்ச் 14 அன்று தலைமன்னார் பியர் வரை ரயில் திரும்ப வந்தது. கப்பல் கட்டின பழைய இரும்புத் துறையின் எச்சம் துருப்பிடித்து இன்னும் நிற்கிறது. கடல் துறைகள் எப்படிக் கட்டப்பட்டன, இரும்புத் தூண்களை எப்படிக் குறுக்குச் சட்டம் போட்டுப் பிணைத்தார்கள் என்று விளங்கிக்கொள்ள அதை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். தனுஷ்கோடித் துறை இதே மாதிரி இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே சேவைக்காக ஒரே காலத்தில் எழுந்த இரண்டு முனைகள் அல்லவா, ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

அளவுக்காரத் தம்பிக்கு ஒரு செய்தி: எங்கட பக்கம் அகலப்பாதை, ஐந்தரை அடி. போட் மெயிலில் வந்த ஆட்கள் மீட்டர்கேஜில் இறங்கி, கப்பல் ஏறி, அகலப்பாதையில் ஏறினார்கள். எங்கட வீட்டில் அம்மம்மா திருச்சியில் சேலை வாங்கிக்கொண்டு போட் மெயிலில் வந்த கதையை அடிக்கடி சொல்லுவா. அவவுக்கு அது வெளிநாட்டுப் பயணம் இல்லை, கோயிலுக்கும் கலியாணத்துக்கும் போய் வருகிற வழி.

துறையின் படங்கள் எடுத்து அனுப்புகிறேன். எந்தக் கோணம் வேண்டும் என்று சொல்லுங்கோ.

பன்னிரண்டு_மிமீ

ஐந்தரை அடி 1:87-ல் 19.3 மி.மீ. அதற்கு ரெடிமேட் தண்டவாளம் கிடைக்காது, ஒவ்வொரு கட்டையாகக் கையால்தான் ஒட்ட வேண்டும். இரண்டு முனைகளையும் ஒரே அறையில் எதிரெதிர்ச் சுவரில் செய்து, நடுவில் பார்வையாளர்கள் கடல் மாதிரி நின்றால் எப்படி இருக்கும்! யாராவது தலைமன்னாரை எடுத்துக்கொள்ள முன்வந்தால் பாதை நான் போட்டுத் தருகிறேன், உண்மையாகவே சொல்கிறேன்.

எழும்பூர்_இன்ஜின்

மன்னார் நண்பருக்கு மனமார்ந்த நன்றி. உங்கள் அம்மம்மா சொன்னதைப் படித்தபிறகு கூட்டத்தில் யாரை வைக்க வேண்டும் என்று தெளிவாகிவிட்டது. புதுத் துணி மூட்டையோடு திரும்புகிற ஒரு குடும்பம் கட்டாயம் இருக்கும்.

படங்களுக்கு: தூணும் குறுக்குச் சட்டமும் சேரும் இடம் கிட்டத்தில் ஒன்று, தண்ணீர் மட்டத்தில் தூண் ஒன்று, துறையின் முழுப் பக்கத் தோற்றம் ஒன்று. ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றால் அளவுக்கு உதவும்.

அடுத்த கேள்வி எல்லோருக்கும். மணலும் பவளக் கல்லும் 1:87-ல் எப்படிக் கொண்டுவருவது?

பன்னிரண்டு_மிமீ

மணலுக்கு மணல் போடாதீர்கள். கடற்கரை மணலில் ஒரு குருணை 0.3 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 87-ஆல் பெருக்கினால் 26 மி.மீ. வரும். உங்கள் 19 மி.மீ. ஆள் ஜல்லியில் நடப்பார்.

நான் பயன்படுத்துவது கோலமாவு. அரிசி மாவு வேண்டாம், பூச்சி வரும். கடையில் விற்கும் வெள்ளைக் கல்பொடி. மெல்லிய துணியில் சலித்து, மஞ்சள் காவியும் துளி பழுப்பும் கலந்து வையுங்கள். பலகையில் நீர்த்த ஃபெவிகாலைத் தடவி, சல்லடையால் மேலே தூவி, காய்ந்ததும் ஊதிவிட்டு இரண்டாம் முறை தூவுங்கள். காற்று மணலைச் சுவரோரம் சாய்வாக ஒதுக்கியிருக்குமே, அதற்கு ஒரு பக்கமிருந்து மட்டும் தூவினால் தானே ஒதுங்கும். பாதையின் கட்டைகளுக்கு இடையிலும் ஜல்லியின் மேல் லேசாக மணல் ஏறியிருக்கட்டும், கடலோரப் பாதையின் அடையாளமே அதுதான்.

பவளக் கல் சுவருக்கு 5 மி.மீ. சன்போர்டு வேண்டாம், அது வழவழப்பு. அடர்த்தியான நீல நிற இன்சுலேஷன் ஃபோம் எடுத்து, கல் வரிசையைப் பென்சிலால் அழுத்திக் கீறுங்கள். கம்பி பிரஷ்ஷின் நுனியால் ஒவ்வொரு கல்லையும் மெதுவாகக் குத்தினால் பாம்பன் நண்பர் சொன்ன குழிகள் வந்துவிடும். ஆனால் உங்களுடையது பூச்சு உள்ள சுவர். அதனால் முழுச் சுவரையும் குத்த வேண்டியதில்லை. பூச்சு உதிர்ந்த இடமாகத் தரைக்கு மேலே அசல் அளவில் அரை அடி, ஒரு அடி மட்டும் குத்திவிட்டு மற்றதன்மேல் நீர்த்த சுவர் புட்டியைத் தடவுங்கள். உப்பு ஏறுவது கீழிருந்துதான்.

இன்ஜினுக்கு ஜப்பான் பக்கம் பாருங்கள். அவர்களுடைய 1067 மி.மீ. பாதைக்கு 1:87-ல் 12 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் மாடல்கள் இருக்கின்றன. விலை கூட. ஆனால் பழைய 4-6-2 சக்கர அமைப்புள்ள இன்ஜின் ஒன்று கிடைத்தால் அதன் அடிப்பாகத்தின் மேல் ஒய்.பி. உடலை 3டி பிரிண்டில் எடுத்து உட்கார வைக்கலாம்.

ஆவணத்தேடி

பெட்டி, சிக்னல், பாதைக்கான பொருட்களுக்கு நேரில் அளவெடுக்க இரண்டு இடம் மறந்துவிட்டேன். பெரம்பூர் ரயில் அருங்காட்சியகம் ஒன்று. இன்னொன்று நீலகிரி மலை ரயில். தமிழ்நாட்டில் இன்றும் மீட்டர்கேஜ் ஓடுவது அங்கே மட்டும்தான். நடுவில் ஓடும் பல் தண்டவாளத்தை விட்டுவிட்டால் மற்ற மீட்டர்கேஜ் சாமான்களை உயிரோடு பார்க்கலாம். படியிலிருந்து பிளாட்பாரத்துக்கு எவ்வளவு இறங்க வேண்டும் என்பதெல்லாம் காலால் தெரிந்துகொள்வது நல்லது.

சிக்னல்_விளக்கு

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 2019 மார்ச்சில் ராமேஸ்வரம்-தனுஷ்கோடி 17.2 கி.மீ. புதுப் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்களே, அதற்கான ஆய்வு வரைபடத்தில் பழைய பாதை குறிக்கப்பட்டிருக்காதா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். மறுத்தாலும் நஷ்டம் பத்து ரூபாய்தான்.

எழும்பூர்_இன்ஜின்

அருமையான யோசனை, விண்ணப்பத்தை எழுதிவிடுகிறேன். 'பழைய மீட்டர்கேஜ் பாதையின் தடம், ஸ்டேஷன் வளாகத்தின் எல்லை' என்று குறிப்பாகக் கேட்கிறேன். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும்.

பாம்பன் பாலத்தைச் சிலர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். இந்த மாடலில் பாலம் இல்லை, பின்னணி ஓவியத்திலும் வராது. ஸ்டேஷனிலிருந்து பாலம் அவ்வளவு தூரம். புயலில் 126 கர்டர்கள் (பாதையைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள்) போனபிறகு ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதைச் சரிசெய்தது பெரிய கதை, அது தனி மாடலுக்கு உரியது. 2025 ஏப்ரலில் புதுப் பாலமும் திறந்தாயிற்று. பழைய பாலத்தைச் செய்ய நினைப்பவர்கள், அது நிற்கும்போதே போய் அளவெடுத்துவிடுங்கள்.

இதுவரை வந்ததை வைத்து என் முடிவுகள். பலகை 3 மீட்டருக்கு 75 செ.மீ., மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி. முதலில் செயற்கைக்கோள் படத்தையும் பழைய வரைபடத்தையும் வைத்துப் பாதையின் கோணத்தையும் துறையின் திசையையும் நிலைப்படுத்துவேன். அது முடியும்வரை கட்டடத்தைத் தொட மாட்டேன். மாதம் பிப்ரவரி, வடகிழக்குக் காற்று ஓய்ந்த சமயம், பிற்பகல் வெளிச்சம் மேற்கிலிருந்து விழும், அதனால் விளக்கை இடது மூலையில் பொருத்துகிறேன். கப்பலின் முன்பாதி மட்டும் பலகையில் இருக்கும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வெட்டி, பலகை விளிம்போடு முடித்துவிடுவேன். முழுக் கப்பல் வைத்தால் ஸ்டேஷன் சின்னதாகிவிடும். ஆட்கள் இருநூறு பேராவது வேண்டும்.

மணல்வீடு தம்பி, பெயின்ட் அடிக்க வருகிறேன் என்றீர்களே, முதல் தொகுதி பிரிண்ட் ஆனதும் சொல்கிறேன். பெண்களுக்குப் பருத்திச் சேலை நிறங்கள், ஆண்களுக்கு வேட்டியும் கட்டம் போட்ட சாரமும். அந்தக் காலத்துக் கலர் படங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால் இப்போதே எடுத்து வையுங்கள்.

பாம்பன்_காற்று

போர்ட்டர்களுக்குத் தலையில் சும்மாடு வைக்க மறந்துவிடாதீர்கள். டிரங்குப் பெட்டியை வெறும் தலையில் யாரும் தூக்க மாட்டார்கள். வரும் வாரம் அந்தப் பக்கம் போகிறேன், மீட்டர் கம்போடு தண்ணீர்த் தொட்டியின் நாலு பக்கமும் எடுத்துப் போடுகிறேன்.